நான்கு மேசைகளுக்குப் பின்னால்: மின்னணு இசைக் கச்சேரியில் எது ‘லைவ்’?

திரை விலகுகிறது. மேடையில் ஒரே வரிசையில் நான்கு ஒடுக்கமான மேசைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார். நால்வருக்கும் ஒரே உடை: உடம்போடு ஒட்டிய கறுப்பு ஆடை, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள். அவர்களுக்குப் பின்னால் மேடை அகலத்துக்கு ஒரு திரை. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். பச்சை எண்கள் முகத்தை நோக்கிப் பறந்து வருகின்றன. பழைய ஃபோக்ஸ்வேகன் கார் ஒன்று நெடுஞ்சாலையில் போகிறது. விண்கலம் ஒன்று தலைக்கு மேலே மிதக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த நான்கு பேரும் அசைவதே அபூர்வம். ஒரு முழங்கால் லேசாகத் தாளம் போடும், எப்போதாவது ஒரு தலை அசையும். கைகள் மேசைமேல் ஏதோ செய்துகொண்டே இருக்கின்றன. என்ன செய்கின்றன என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் இப்படியே போகிறது.

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் 1970ஆம் ஆண்டு ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய கிராஃப்ட்வெர்க் குழுவின் கச்சேரி 2010களில் இப்படித்தான் இருந்தது. ஷ்னைடர் 2008இல் விலகினார், 2020இல் காலமானார். ஹூட்டர் எழுபது வயதைத் தாண்டியும் மேடையின் ஓர் ஓரத்தில் நின்று பாடுகிறார், கீபோர்டு வாசிக்கிறார். இவர்களுடைய மெட்டையும் தாளத்தையும் எடுத்துத்தான் 1982இல் நியூயார்க்கில் ஹிப்ஹாப் கலைஞர் ஆஃப்ரிகா பம்பாட்டா ‘பிளானட் ராக்’ பாட்டைச் செய்தார். ஹிப்ஹாப், டெக்னோ, சிந்த்பாப் என்று எந்தப் பக்கம் போனாலும் எங்காவது ஓரிடத்தில் டுசெல்டார்ஃபுக்கு ஒரு வழி போகும்.

இந்தக் கச்சேரியை முதன்முதலாகப் பார்க்கிறவர் மனசில் ஒரு கேள்வி கட்டாயம் எழும். இவர்கள் உண்மையிலேயே வாசிக்கிறார்களா? அல்லது பதிவு செய்து வைத்ததை ஓடவிட்டு, முன்னால் சும்மா நிற்கிறார்களா?

அறியாதவர்கள் கேட்கும் கேள்வி என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. நியாயமான கேள்வி இது. நம் காதும் கண்ணும் கச்சேரியில் வளர்ந்தவை. மிருதங்கக்காரரின் விரல் விழுந்தால் சத்தம் வரும், நாகஸ்வரக்காரரின் கன்னம் உப்பினால் சத்தம் வரும். செயலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது, அதை நம் கண்ணால் பிடித்துக்கொள்கிறோம். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை சரியாக வந்து சமத்தில் விழும்போது அரங்கம் ஏன் கைதட்டுகிறது? தவறிப்போக வாய்ப்பு இருந்தது, அவர் தவறவில்லை. அந்த ஆபத்தை நாமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மின்னணு இசை அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. கை அசையாமல் இடி இடிக்கும், கை ஆயிரம் அசைந்தாலும் எதுவும் கேட்காமல் போகலாம். அப்படியானால் இந்தக் கச்சேரியில் ‘லைவ்’ என்பது எது? என் பதில் இதுதான்: விரலில் தேடினால் அது கிடைக்காது. அந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவிலும், அந்த அரங்கின் காற்றிலும் தேடினால் கிடைக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கயிறு ஆரம்பத்திலேயே அறுந்திருக்கவில்லை. மின்னணு வாத்தியங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றான தெரெமின், 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெர்மென் உருவாக்கியது. அதைத் தொடவே வேண்டாம். பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கு அருகில் கையைக் காற்றில் அசைத்தால் போதும். ஒரு கை சுருதியை ஏற்றி இறக்கும், மற்றொரு கை ஒலியைக் கூட்டிக் குறைக்கும். கிளாரா ராக்மோர் அதை வாசிப்பதைப் பார்த்தவர்கள் ஒவ்வொரு விரலின் நடுக்கத்தையும் கேட்க முடிந்தது. வயலினைக் காட்டிலும் வெளிப்படையான வாத்தியம் என்றுகூடச் சொல்லலாம்.

கயிறு அறுந்தது ஸ்டுடியோவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வானொலி நிலையங்களில் காந்த நாடாவும் அலை உண்டாக்கும் கருவிகளும் வந்தன. நாடாவை வெட்டி, ஒட்டி, தலைகீழாக ஓட்டி இசை செய்தார்கள். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் வேலை. டுசெல்டார்ஃபுக்குப் பக்கத்து ஊரான கொலோனில், கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் பாட்டுக் குரலையும் மின்னணு ஒலிகளையும் இப்படிக் கலந்து செய்த படைப்பு 1956இல் வானொலி அரங்கில் முதல்முறையாக ஒலித்தது. கேட்க வந்தவர்களைச் சுற்றி ஒலிபெருக்கிகள் மட்டும் இருந்தன. மேடையில் மனிதர் இல்லை. வாசிக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது, மிச்சம் இருந்தது கேட்பது மட்டும். இந்த இசையைச் சபைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது அந்த இரவிலிருந்தே தீராத கேள்வியாகிவிட்டது.

கிராஃப்ட்வெர்க் அந்தக் கேள்விக்கு நடுவில் பிறந்த குழு. தொடக்கத்தில் ஷ்னைடர் புல்லாங்குழல் வாசித்தார், ஹூட்டர் ஆர்கன் வாசித்தார், டிரம்ஸுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி ஹூட்டர் பின்னாளில் ஒரு நினைவைச் சொல்லியிருக்கிறார். 1971இல் டுசெல்டார்ஃபில் ஒரு நிகழ்ச்சி. ஒரு பழைய சின்ன டிரம் மெஷினை ஓடவிட்டார்கள். எதிரொலிக் கருவியும் சேர்ந்து சத்தம் தன்னால் சுழல ஆரம்பித்தது. இவர்கள் மேடையை விட்டு இறங்கி, ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தோடு சேர்ந்து ஆடினார்கள். மெஷின் தன்பாட்டுக்கு ஓடியது.

இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாசிப்பவர் இல்லாமலும் இசை ஓடும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதைக் கண்டு சங்கடப்படவும் இல்லை. அதுவே ஒரு மேடை எண்ணம் என்று பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் செய்ததெல்லாம் ஒரே கேள்வியைப் பல விதமாகத் திருப்பிப் பார்த்ததுதான்: மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு என்ன வேலை?

முதலில் அந்தக் கயிற்றைத் திரும்பக் கட்டப் பார்த்தார்கள். 1970களின் நடுவில் வொல்ஃப்காங் ஃப்ளூரும் கார்ல் பார்ட்டோசும் மேடையில் நின்று தட்டியது தோல் முரசு அல்ல, உலோகத் தட்டுகள். கையில் பின்னல் ஊசி போன்ற உலோகக் குச்சி. குச்சி தட்டைத் தொட்டால் மின்சுற்று இணையும், டிரம் சத்தம் வரும். கடையில் வாங்கியதல்ல, தாங்களே செய்துகொண்டது. இன்று நம் ஊர்க் கல்யாண வரவேற்பு மேடையில் லைட் மியூசிக் குழுவில் ஒருவர் பேட் வைத்துக்கொண்டு தவில், தப்பு, டோலக் என்று எல்லாச் சத்தத்தையும் ஒரே பலகையில் தட்டுகிறாரே, அதே எண்ணம்தான். அடி விழுவது கண்ணுக்குத் தெரியும், சத்தம் வேறெங்கிருந்தோ வரும். இன்னொரு முயற்சியும் நடந்தது. ஒரு கூண்டுக்குள் நின்று கையை வீசி ஒளிக்கற்றைகளை மறித்தால் தாளம் வரும்படி ஒரு கருவி செய்தார்கள். அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கைவிட்டார்கள்.

சரி, இதற்குள் இசையின் உள்கட்டமைப்பே மாறிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் சீக்வென்சர். ஒரு வரிசையில் 16 கட்டங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம் என்று குறித்துவைத்தால், மெஷின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை போய்த் திரும்பவும் முதலுக்கு வரும். ஆவர்த்தனம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். தாளத்தைப் பிடித்துவைக்கும் வேலையை மனிதனிடமிருந்து அது வாங்கிக்கொண்டது. கிராஃப்ட்வெர்க் 1977 ஆல்பத்துக்கே தங்களுக்கென்று சொல்லிச் செய்யவைத்த ஒரு சீக்வென்சரைப் பயன்படுத்தினார்கள். 1983இல் மிடி என்ற பொதுத் தரம் வந்தபோது, வேறுவேறு கம்பெனி மெஷின்கள்கூட ஒரே கடிகாரத்தில் சேர்ந்து ஓட வழி பிறந்தது.

மனிதனுக்கு மிச்சம் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எந்தச் சுற்றை எப்போது உள்ளே விடுவது, எதை நிறுத்துவது, எதன் நிறத்தை மாற்றுவது என்ற முடிவு அவன் கையில் இருக்கிறது. இந்த ‘நிறம்’ எப்படி மாறுகிறது என்று தெரிந்தால் கச்சேரி கேட்பதே வேறு அனுபவமாகிவிடும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்கும்போது உள்ளே நடக்கும் பாட்டு எப்படிக் கேட்கும்? தும் தும் என்ற அடி மட்டும் வரும். யாராவது கதவைத் திறந்தால் குரல், ஜால்ரா, சிரிப்பு எல்லாம் ஒரே வீச்சில் வெளியே கொட்டும். மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவியான சிந்தசைசரில் உள்ள ஃபில்டர் செய்வது அந்தக் கதவின் வேலை. ஒரு திருகைத் திருப்பினால் கதவு மெதுவாகத் திறக்கும், மூடும். அதே 16 கட்டம், அதே ஸ்வரங்கள்; ஆனால் கதவு அரை அங்குலம் திறந்து நிற்கும்போது சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருப்பது? எட்டுச் சுற்றா, பதினாறா? அதை எந்த மெஷினும் சொல்லித் தராது. முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை நம் நாட்டு ஆள் ஒருவர் மிக முன்னதாகவே உணர்ந்திருந்தார். மும்பைத் திரையிசையில் கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் ஆல்பம் செய்தார். அதற்கு அவர் வைத்திருந்தவை மூன்று ரோலண்ட் கருவிகள்: ஜுபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின். டிபி-303 என்பது தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பேஸ் என்ற தாழ்ந்த சுருதிப் பகுதியை வாசிக்கச் செய்த பெட்டி. அதன் ஃபில்டர் திருகைத் திருப்பியபடி சிகாகோ இளைஞர்கள் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசையை வெளியிட்டது 1987இல்தான். சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு அப்போது விற்கவில்லை. 2010இல் அது மறுபதிப்பாக வந்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பாவின் நடன மேடைகளில் அதே வகைக் கருவிகளோடு நின்று, ராகத்தைக் கையால் வாசித்து, கீழே மெஷின் சுற்ற, இளைஞர் கூட்டத்தை ஆடவைத்தார். 2015இல் காலமானார். சுற்றும் தாளத்தின்மேல் ராகத்தை விரித்துக்கொண்டு போவது அவருக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தம்புராவின் மாறாத மீட்டலுக்கு மேல் மாறிக்கொண்டே போகும் ஆலாபனை இந்த மண்ணின் பழைய வழிதானே? இன்றைக்குக் கர்நாடகக் கச்சேரி மேடைகளில் அந்தத் தம்புராவின் இடத்தில் எத்தனையோ முறை ஒரு மின்னணுச் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பொத்தானைப் போட்டால் கச்சேரி முடியும் வரை அதுவே ஒலிக்கும். அதனால் கச்சேரி லைவ் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

கிராஃப்ட்வெர்க்குக்குத் திரும்புவோம். 1981இல் ‘கம்ப்யூட்டர் வேர்ல்ட்’ ஆல்பத்தோடு உலகப் பயணம் போனபோது, கிளிங் கிளாங் என்ற தங்கள் ஸ்டுடியோவையே மேடையில் கொண்டுவந்து வைத்தார்கள். கருவி அடுக்குகள் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் நின்றன, நடுவில் அன்றைய நால்வர். ஸ்டுடியோவில் பூட்டிய கதவுக்குள் நடக்கும் வேலையைச் சபை முன்னால் செய்து காட்டுகிறோம் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பயணத்தில் செய்த இரண்டு காரியங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

ஒன்று, பாக்கெட் கால்குலேட்டர் பற்றிய பாட்டு. நான்கு பேரும் கருவி அடுக்குகளை விட்டு மேடை விளிம்புக்கு வந்துவிடுவார்கள். கையில் உள்ளங்கை அளவுக் கருவிகள், பொம்மைக் கடையில் வாங்கியதுபோல இருக்கும். வாசித்தபடியே முன்வரிசைக்குக் குனிந்து கருவியை நீட்டுவார்கள், கூட்டத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார், அந்தச் சத்தம் பாட்டுக்குள் போய்ச் சேரும். பொத்தான் அழுத்துவது பெரிய வித்தை இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டு, அந்தப் பொத்தானைப் பார்வையாளரின் விரலுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைவிட நேர்மையான பதிலை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

மற்றொன்று, ரோபோக்கள் பற்றிய பாட்டு. அந்தப் பாட்டு வரும்போது மேடையில் நால்வரின் முகத்தோடு செய்த பொம்மைகள் நின்றன. 1991க்குப் பிறகு கையும் தலையும் அசையும் இயந்திரங்களே வந்துவிட்டன. திரை மூடித் திறக்கும். மனிதர்கள் இல்லை. சிவப்புச் சட்டை, கறுப்பு டை கட்டிய இயந்திரங்கள் மெதுவாகக் கையைத் தூக்குகின்றன. பாட்டு முழுமையாக ஓடுகிறது. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ‘இவர்கள் வாசிக்கிறார்களா?’ என்று நாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவர்கள் எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் திரை மீண்டும் திறந்து மனிதர்கள் வரும்போது, கொஞ்ச நேரத்துக்கு முன்பு இயந்திரம்போலத் தெரிந்த அதே நால்வரிடம் உயிர் தெரிகிறது. ஒரு தோள் அசைவு, விசையை நோக்கிப் போகும் ஒரு விரலின் தயக்கம், பாடும்போது வயதில் லேசாகக் கரகரக்கும் ஹூட்டரின் குரல். இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் இருந்திருந்தால் இவ்வளவு சின்ன அசைவுகளை நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

2002 வாக்கில் அந்தக் கனத்த அடுக்குகள் எல்லாம் லேப்டாப்புக்குள் போய்விட்டன. கிராஃப்ட்வெர்க்குக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்தான். 2001இல் பெர்லினிலிருந்து ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் வந்தது. அதைச் செய்தவர்களில் கெர்ஹார்ட் பேலஸ், ராபர்ட் ஹென்கே இருவரும் மோனோலேக் என்ற பெயரில் மேடை ஏறிய இசைக்காரர்கள். தங்களுக்கு மேடையில் தேவைப்பட்டதைத்தான் செய்தார்கள்: சின்னச் சின்ன இசைத் துண்டுகள் கட்டம் கட்டமாகத் திரையில் இருக்கும், எதை எப்போது தட்டினாலும் தாளம் பிசகாமல் அடுத்த சுற்றில் உள்ளே வரும். எத்தனையோ கலைஞர்களின் கச்சேரி இன்று இதன்மேல்தான் நிற்கிறது.

லேப்டாப் வந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. அதன் பின்னால் நிற்பவர் இசை செய்கிறாரா, மின்னஞ்சல் பார்க்கிறாரா என்றே தெரியாதே! 2012இல் கனடாவைச் சேர்ந்த டெட்மாஸ், எலித் தலைக் கவசம் மாட்டிக்கொண்டு பெரிய பெரிய திருவிழாக்களில் வாசிப்பவர், வெளிப்படையாக எழுதினார்: நாங்கள் எல்லாரும் ஓடவிடும் பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று. பெரிய சர்ச்சை ஆனது. ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கவனித்தவர்கள் குறைவு. மேடையில் விளக்கும் வீடியோவும் இசையோடு நொடி பிசகாமல் பொருந்த வேண்டும் என்றால், இசை முன்கூட்டியே தீர்மானித்த காலக்கோட்டில்தான் போக முடியும். திடீரென்று நான்கு சுற்று கூடுதலாக வாசித்தால் திரையில் ஓடும் படம் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆக, காட்சி எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்குக் கலைஞரின் கை கட்டப்படுகிறது. இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை, பெரிய காட்சிக்குக் கொடுக்கும் விலை அது.

கிராஃப்ட்வெர்க் இந்தச் சிக்கலைக் கையாளும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. மேடையில் நிற்கும் நால்வரில் ஒருவர் இசைக் கலைஞராக நிற்கவில்லை, காட்சிகளை இயக்குபவராக நிற்கிறார். திரையில் வருவதும் வாசிக்கப்படுகிறது, அதற்கும் மற்றவர்களைப் போலவே ஒரு மேசை. ஒருவர் குரலும் மெட்டும் பார்க்கிறார், மற்றவர்கள் தாளத்தையும் ஒலியின் தன்மையையும் பார்க்கிறார்கள். பாடல்களின் எலும்புக்கூடு மெஷினில் இருக்கிறது. அதன்மேல் என்ன போர்த்துவது என்பது அன்றன்றைக்கு. இதைத் தெரிந்துகொண்டு போய்க் கேட்டால், கண்ணை மேசையிலேயே ஒட்டிவைத்து ஏமாற வேண்டாம். தாளத்தின் அடி இன்று கொஞ்சம் காய்ந்து ஒலிக்கிறதா, ஒரு மெட்டு வழக்கத்தைவிடத் தாமதமாக உள்ளே வருகிறதா, நடுவில் எல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் நிற்கிறதா என்று காது தேட ஆரம்பித்துவிடும்.

இதற்கு நேர் எதிரான வழியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2004இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டாப்லாப் என்ற குழு உருவானது. கணினி நிரலை மேடையிலேயே எழுதி இசை செய்பவர்களின் குழு. அவர்களுடைய கோரிக்கை எளிமையானது: உங்கள் திரையை எங்களுக்குக் காட்டுங்கள். கலைஞர் விசைப்பலகையில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் பின்னால் உள்ள பெரிய திரையில் தெரியும். ஒரு எண்ணை மாற்றினால் தாளம் இரட்டிக்கும், ஒரு சொல்லைச் சேர்த்தால் மெட்டு தலைகீழாகும், ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் பிழைச் செய்தி சிவப்பாக வரும், அதையும் சபை பார்க்கும். சில நேரம் எல்லாம் நின்று அரங்கம் மௌனமாகிவிடும். அப்போது எழும் கைதட்டல்தான் இருப்பதிலேயே பெரிய கைதட்டல். அறுந்துபோன கயிறு இங்கே வேறு நூலால் கட்டப்படுகிறது.

இந்த வழியில் இன்று நிறையப் பேர் எடுத்துக்கொள்ளும் மொழி டைடல்சைக்கிள்ஸ், பிரிட்டனின் அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கியது. அதில் தாளத்தை எழுதும் முறையின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980களின் தொடக்கத்தில் பெர்னார்ட் பெல், ஜிம் கிப்பன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தபலாக் கலைஞர்கள் ஒரு சொற்கட்டை எப்படி விரித்து விரித்துப் புதிய சொற்கட்டு செய்கிறார்கள் என்பதைக் கணினியில் எழுத ‘போல் ப்ராசசர்’ என்ற நிரலைச் செய்தார்கள். ‘போல்’ என்றால் தபலாச் சொல்தான். லக்னோ தபலா மரபை அருகிலிருந்து கற்றவர் கிப்பன். அந்த நிரலின் குறியீட்டு முறையிலிருந்து டைடல் எடுத்துக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்லும் ஜதிக்கும் பெர்லின் கிளப்பில் திரையில் ஓடும் நிரலுக்கும் நடுவில் இப்படி ஒரு பாதை இருப்பதை அறிந்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மின்னணு இசையில் அரங்கத்துக்குப் போக வேண்டியதற்கு மிகப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நொடிக்கு 40 முறை அதிரும் ஓர் ஆழமான பேஸ் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் அந்த ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம் வரும். ஒரு சின்ன வீட்டின் நீளம். கைபேசியின் ஸ்பீக்கர் அதை உண்டாக்கவே முடியாது, நல்ல ஹெட்போன் காதுக்குள் மட்டும் உண்டாக்கும். பெரிய பேஸ் பெட்டிகள் உள்ள அரங்கில் அது நெஞ்செலும்பில் இறங்கும், வயிற்றில் தட்டும், காலடித் தரை வழியாக ஏறி வரும். கோயில் திருவிழாவில் தவில் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்த இசையை எழுதுகிறவர்கள் அந்த அதிர்வை நினைத்துத்தான் எழுதுகிறார்கள். கைபேசியில் கேட்டுவிட்டு ‘ஒரே மாதிரி டப் டப் என்று இருக்கிறது’ என்று சொல்பவரிடம் நான் சண்டை போட மாட்டேன், அவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

அரங்கமும் ஒவ்வொரு நாளும் ஒரே அரங்கமாக இருப்பதில்லை. காலி மண்டபத்தில் சரிபார்த்த ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். உடம்பும் துணியும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கேற்ப ஒவ்வொரு அடுக்கையும் அப்போதே திருத்த வேண்டும். ராபர்ட் ஹென்கே பல கச்சேரிகளில் மேடையே வேண்டாம் என்று அரங்கின் நடுவில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். மேடையில் நிற்பவருக்குக் கேட்பது வேறு, சபைக்குக் கேட்பது வேறு. சபை கேட்பதைக் கேட்டால்தான் சபைக்கு வாசிக்க முடியும்.

பாட்டும் நின்றுவிடுவதில்லை. கிராஃப்ட்வெர்க் 1975இல் கதிரியக்கத்தைப் பற்றிப் பாடியபோது, அணுசக்தியைப் புகழ்கிறார்களா எச்சரிக்கிறார்களா என்று பிடிபடாத தொனி இருந்தது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு, 1991இல் அந்தப் பாட்டில் ‘நிறுத்து’ என்ற சொல் சேர்ந்தது. செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லாஃபீல்ட், ஹிரோஷிமா என்று அணு விபத்தோ அணுகுண்டோ கண்ட ஊர்களின் பெயர்கள் வந்தன. 2012இல் டோக்கியோவுக்கு அருகில் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோ முன்னின்று நடத்திய அணு எதிர்ப்பு இசை நிகழ்ச்சியில் ஹூட்டர் அதை ஜப்பானிய மொழி வரிகளோடு பாடினார், ஃபுகுஷிமாவின் பெயரும் சேர்ந்தது. விபத்து நடந்து ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. மேடையில் அன்றும் அதே நான்கு மேசைகள்தான். முன்னால் நின்றவர்களுக்கு அந்த ஒரு ஊர்ப் பெயர் எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மெஷினில் பதிந்த தாளம் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றாகவே இருக்கலாம், அதன்மேல் சொல்லப்படும் சொல் அந்த நாளுக்கானது.

இடமும் அப்படித்தான். 2009இல் மான்செஸ்டரின் சைக்கிள் பந்தய அரங்கில் அவர்கள் வாசித்தபோது, ‘தூர் தெ பிரான்ஸ்’ பந்தயம் பற்றிய பாட்டுக்குப் பிரிட்டன் ஒலிம்பிக் அணியின் சைக்கிள் வீரர்கள் கூட்டத்தைச் சுற்றிச் சாய்தளத்தில் ஓட்டிக்காட்டினார்கள். 2018 ஜூலையில் ஸ்டுட்கார்ட் கச்சேரியில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஜெர்மானிய வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் திரையில் தோன்றி, கையில் இருந்த டேப்லெட்டில் விண்கலம் பற்றிய பாட்டின் மெட்டைத் தட்ட, கீழே சதுக்கத்தில் நின்றவர்கள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்கள். மெட்டு நாலைந்து ஸ்வரம்தான், கீபோர்டு பழகாத பிள்ளைகூட வாசித்துவிடும். பூமிக்கு வெளியிலிருந்து வருகிறது என்பதுதான் அந்தக் கூட்டத்தை அசைத்தது.

கச்சேரியின் கடைசிப் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ‘இசை நிற்காது’ என்ற பொருள் கொண்ட சொற்கள் திரும்பத் திரும்ப வரும் பாட்டு. தாளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் நிற்பவர் தன் மேசையில் சிறிது நேரம் தனியாக வாசிக்கிறார். இரண்டு மணி நேரத்தில் அவர் கை செய்வது முதன்முறையாகக் காதில் தனியாக விழுகிறது. முடிந்ததும் மேசையை விட்டு விலகி, மேடையின் விளிம்புக்கு நடந்து வந்து, குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார். கைதட்டல். அடுத்தவர் வாசிக்கிறார், வணங்குகிறார், போகிறார். மூன்றாமவரும் அப்படியே. கடைசியில் ஹூட்டர் மட்டும். அவரும் வாசித்து முடித்து, ஓரத்துக்கு வந்து, ‘குட் நைட், ஆஃப் வீடர்சேன்’ என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் நடக்கிறார். மேடையில் நான்கு மேசைகள், யாரும் இல்லை. தாளம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.